பாய்ண்டரும் பக்கமும்

கணினி அறிவியல் பட்டப்படிப்பின் எடை கிரெடிட்டில் அளக்கப்படுகிறது. மலேசியத் தகுதி முகமையின் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவிடும் 40 மணி நேரம். விரிவுரையில் உட்காருவது, ஆய்வுக்கூடத்தில் நிரல் அடிப்பது, விடுதி அறையில் தனியாகப் படிப்பது, இடுபணி எழுதுவது, கடைசியில் தேர்வு மண்டபத்தில் கழியும் இரண்டு மூன்று மணி நேரம் எல்லாம் அதற்குள் அடங்கும். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு பருவத்தில் 15 கிரெடிட் எடுக்கும் மாணவரிடம் பல்கலைக்கழகம் கேட்பது 600 மணி நேரம். பாட வாரங்கள் பதினான்கு, இடைவேளை, படிப்பு வாரம், தேர்வு வாரங்கள் என்று பதினெட்டு வாரத்துக்கு அதைப் பங்கிட்டால் வாரத்துக்கு 33 மணி நேரம் விழும். இது தாளில் உள்ள கணக்கு. எங்கே பிழை என்று பிடிபடாத நிரலோடு விடியும்வரை மல்லுக்கட்டும் இரவுகளை எந்தக் கிரெடிட்டும் எண்ணுவதில்லை.

கம்போங் ராஜாவிலிருந்து இந்தப் படிப்புக்குப் போகிறவர்களின் பாதை கொஞ்சம் சுற்றுவழி. கேமரன் மலையின் வடகோடி ஊர் இது. தெற்கே ரிங்லட்டிலிருந்து தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப், கோலா தெர்லா என்று வரும் சாலை இங்கேதான் பெரிய நெடுஞ்சாலையோடு சேர்கிறது. மேற்கே இறங்கினால் சிம்பாங் பூலாய், கிழக்கே போனால் லோஜிங் வழியாகக் குவா மூசாங். ஒரு பக்கம் புளூ வேலி தேயிலைத் தோட்டம். மற்றப் பக்கமெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிக் கொட்டகைகள். ஊர் பகாங் மாநிலத்தில் இருந்தாலும் ஊர்க்காரர்களுக்குப் பட்டணம் என்றால் பேராக்கின் ஈப்போதான். சொந்த மாநிலத்தின் தலைநகரான குவாந்தான் தீபகற்பத்தின் மறுகரையில் இருக்கிறது. மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்த பிள்ளைக்குப் பேராக்கின் கோப்பெங் கல்லூரி மலையை விட்டு இறங்கியதும் வந்துவிடும். பகாங்கின் கம்பாங் கல்லூரிக்குப் போவதென்றால் பெட்டி படுக்கையோடு பெரும் பயணம்.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகக் கணினித் துறையில் ஆங்கிலம் என்று பயிற்றுமொழி இரண்டு முறை மாறுகிறது. எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷனோ படிவம் ஆறோ கடந்த பிறகு யூ.பி.யூ. வழியாக அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போகும். அங்கே தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு பாட மதிப்பெண்ணுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்து, கேட்பதற்குச் சின்ன எண். பள்ளி விட்டதும் தோட்டத்துக்குப் போகும் வண்டியைப் பிடிக்க ஓடுகிற பிள்ளைக்கு மாலையில் நடக்கும் சாரணர் பயிற்சியும் விவாதப் போட்டியும் எட்டாது என்பதை அந்த எண் கணக்கில் எடுப்பதில்லை. இடம் கிடைத்தவர்கள் இந்தப் பத்தில் கொஞ்சம் இழந்து, தொண்ணூறில் அதை ஈடுகட்டியவர்கள்.

முதலாண்டுப் பாடங்கள் பெரும்பாலும் எங்கும் ஒன்றுபோலத்தான். நிரலாக்க அடிப்படை, தனிநிலைக் கணிதம், கணினி அமைப்பு, தரவுத்தளம், கூடவே எல்லாத் துறையினரும் படிக்க வேண்டிய பொதுப்பாடங்கள். நிரலாக்க வகுப்பின் முதல் வாரத்தில் ஒரு பிளவு வெளிப்படும். வகுப்பில் பாதிப்பேர் பத்து வயதிலேயே வீட்டுக் கணினியைத் தொட்டவர்கள். கைப்பேசியில் மட்டும் இணையத்தைப் பார்த்தவர்கள் மறு பாதி. கல்விக் கடனின் முதல் தவணை வந்த பிறகே சொந்த மடிக்கணினி வாங்குகிறவர்கள் இந்த இரண்டாம் கூட்டத்தில் இருப்பார்கள். கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, கோப்புறை என்றால் என்ன என்பதே இவர்களுக்குப் புதிது, ஏனென்றால் கைப்பேசி அதையெல்லாம் மறைத்துவிடுகிறது. விரிவுரையாளர் இதைப் பாடமாகச் சொல்லித்தருவதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்று கடந்துபோய்விடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழர்தான் இங்கே உண்மையான ஆசிரியர்.

மதிப்பெண் இரண்டு பங்காக வரும். பருவத்தின் நடுவே சேர்வதை மாணவர்கள் ‘கேரி மார்க்’ என்பார்கள், பருவக் கடைசியில் வருவது ‘ஃபைனல்’. நிரலாக்கப் பாடங்களில் கேரி மார்க்கின் பங்கு பாதிக்கு மேலும் இருக்கலாம். குவிஸ், ஆய்வுக்கூடப் பயிற்சி, இடைத்தேர்வு, குழுத் திட்டம் எல்லாம் அதில் சேரும். ஃபைனலுக்குள் நுழையும்போது கையில் எவ்வளவு இருக்கிறது, ஏ வாங்க இன்னும் எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொருவரும் விரல்விட்டு எண்ணிவைத்திருப்பார்கள். படிப்பு வாரத்தில் எந்தப் பாடத்துக்கு எத்தனை நாள் என்பதை முடிவுசெய்வது ஆர்வம் அல்ல, இந்தக் கழித்தல் கணக்குதான்.

நிரலைத் தாளில் கையால் எழுதும் தேர்வு பல இடங்களில் இன்னும் உண்டு. மாணவர்கள் அதைப் பழைய காலத்து வழக்கம் என்று முணுமுணுப்பார்கள். அதில் ஒரு நன்மை இருக்கவே செய்கிறது. ஓட்டிப் பார்த்துத் திருத்த முடியாத இடத்தில் சுழல் எத்தனை முறை சுழலும், கடைசிச் சுற்றில் மாறியின் மதிப்பு என்ன என்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னால் பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பிழை தேடும் வேலையில் கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு தாள் தேர்வுக்கு இன்னொரு நியாயமும் கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்து எழுதிக் கொண்டுவரும் இடுபணியைப் பல விரிவுரையாளர்கள் இப்போது அப்படியே ஏற்பதில்லை. மாணவரை எதிரே உட்காரவைத்து, ஒரு வரியைச் சுட்டி, இது ஏன் இங்கே இருக்கிறது, எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். எழுதியவருக்கு அது ஐந்து நிமிட வேலை. எழுதாதவர் அந்த ஐந்து நிமிடத்தில் வியர்த்துப்போவார்.

குழுத் திட்டம் தனிக் கதை. நால்வர் குழுவில் ஒருவர் நிரல் எழுதுவார், ஒருவர் அறிக்கை எழுதுவார், ஒருவர் படவில்லை அழகுபடுத்துவார், நான்காமவர் பெயரைத் தருவார். நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண். யார் எப்போது என்ன எழுதினார் என்று கிட் பதிவேட்டைக் காட்டச் சொல்லும் விரிவுரையாளரிடம் மட்டும் இந்த ஏற்பாடு பலிக்காது. இதைத் தவிர்க்க வழி தேடுவதைவிட முதல் வாரத்திலேயே வேலையைப் பிரித்து எழுதி எல்லாரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது நல்லது. நட்பும் கெடாது.

தர மதிப்பெண் கணக்கைப் பள்ளிக்கணக்குப் போலப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பல பல்கலைக்கழகங்களில் ஏ என்றால் 4.00, ஏ கழித்தல் 3.67, பி கூட்டல் 3.33, பி 3.00, பி கழித்தல் 2.67, சி கூட்டல் 2.33. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் அந்தப் பருவத்தின் ‘பாய்ண்டர்’ கிடைக்கும். எடுத்துக்காட்டாக ஒரு பருவம்: மூன்று கிரெடிட் இணைய நிரலாக்கத்தில் ஏ, மூன்று கிரெடிட் நிரலாக்கத்தில் ஏ கழித்தல், மூன்று கிரெடிட் தரவுத்தளத்தில் பி கூட்டல், மூன்று கிரெடிட் தனிநிலைக் கணிதத்தில் சி கூட்டல், இரண்டு கிரெடிட் பொதுப்பாடத்தில் ஏ, ஒரு கிரெடிட் புறப்பாடத்தில் ஏ. மொத்தம் 15 கிரெடிட், 51.99 புள்ளி. வகுத்தால் 3.47. டீன் பட்டியலுக்குப் பல இடங்களில் 3.50 வேண்டும். கணிதத்தில் ஒரே ஒரு படி ஏறி பி கழித்தல் வந்திருந்தால் 3.53. ஆறு பாடத்தில் மூன்றில் ஏ வாங்கியவரை அந்த ஒரு படி வெளியே நிறுத்திவிடுகிறது.

ஒட்டுமொத்தப் பாய்ண்டரான சி.ஜி.பி.ஏ.வின் குணம் இதைவிடப் பிடிவாதமானது. ஆறு பருவம், 90 கிரெடிட் முடிந்து 3.30-இல் நிற்கும் மாணவர் ஏழாவது பருவத்தில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினால் 3.40-க்கு வருவார். எட்டாவது பருவத்திலும் எல்லாம் ஏ என்றால் 3.475. முதல் வகுப்புக்குப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்து 3.67, 3.70 அல்லது 3.75 வேண்டும். ஆக, மூன்றாம் ஆண்டு முடிவில் முழிப்பு வந்து என்ன உழைத்தாலும் கதவு ஏற்கெனவே சாத்தியாகிவிட்டது. முதல் வகுப்பு முடிவாவது முதல் இரண்டு மூன்று பருவங்களில். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கும், ஒரு வீட்டிலிருந்து விடுதிக்கும், கைப்பேசியிலிருந்து கணினிக்கும் மாறிக்கொண்டிருக்கும் பருவங்களும் அவையேதான். மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு இந்தக் கணிதத்தை யாராவது முதல் வாரத்திலேயே போட்டுக் காட்ட வேண்டும். பெரும்பாலும் யாரும் காட்டுவதில்லை.

மதிப்பெண் முக்கியமில்லை, திறமைதான் முக்கியம் என்று தன்முனைப்புக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் உண்டு. கடன் வாங்காமல் படித்தவர்கள் பேசும் பேச்சு அது. 1997-இல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடன், முதல் வகுப்பில் தேறியவர் விண்ணப்பித்தால், வருமான வரம்பு முதலான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, உபகாரச் சம்பளமாக மாற்றப்படும். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கொழுந்து பறித்த கூலியில் நடந்த வீட்டுக்கு 3.66-க்கும் 3.67-க்கும் இடையே உள்ள தூரம் பல்லாயிரம் ரிங்கிட். தேயிலைத் தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓய்வுபெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டிய பெற்றோருக்குப் பிள்ளையின் முதல் சம்பளம் கடனுக்குப் போகிறதா, வாடகை வீட்டுக்குப் போகிறதா என்பது சின்ன விஷயம் இல்லை. பாய்ண்டரை எண்ணி எண்ணிப் படிக்கும் மாணவரைக் குறுகிய மனசு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் பாய்ண்டர் அளக்காத ஒன்று உண்டு. பாடத்திட்டத்தின் வேலை எதுவானாலும் ஒப்படைத்த நாளோடு முடிந்துவிடும். எக்ஸாம்ப் நிறுவி, பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல்லும் ஓட்டி, ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற முகவரியில் தன் மடிக்கணினியில் மட்டும் தெரியும் தளத்தை விரிவுரையாளருக்குக் காட்டி மதிப்பெண் வாங்கியதும், அந்தக் கோப்புறையை மறுபடி யாரும் திறப்பதில்லை. வேறொருவர் அந்தத் தளத்தைப் பயன்படுத்தியதே இல்லை. ஒரு கணினித் துறை மாணவர் சொந்தமாக ஒரு பக்கத்தைச் செய்து வெளியுலகில் வைத்தால், பாடத்திட்டம் எங்கே முடிகிறதோ அங்கே அவருடைய வேலை தொடங்கும்.

தமிழ்க் கணிமையின் வரலாறே பெரும்பாலும் இப்படிக் கிரெடிட் தராத வேலைகளின் வரலாறு. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985-இல். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995-இல் தமிழ் இணையத்தில் ஏறியது. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். சங்க இலக்கியம் முதல் இக்கால நூல்வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக வைத்தார்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் வந்தது. இலங்கை நூல்களைச் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005-இல். வெளியுலகத்திலும் இதே கதைதான். ஸ்டான்ஃபோர்டின் முனைவர் பட்ட மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994-இல் யாஹூவைத் தொடங்கியபோது அது இணையத்தளங்களின் பட்டியல், அவ்வளவுதான்.

மலைநாட்டு மாணவரின் முதல் வெளிவேலை இவ்வளவு பெரியதாக இருக்காது. மாமாவின் காய்கறிக் கடைக்கு ஒரு பக்கம், உறவினர் நடத்தும் தங்கும் விடுதிக்கு ஒன்று, கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரலுக்கு ஒன்று. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு பெயர்ப் பட்டியல் செய்வது இவற்றுள் சிறந்த பயிற்சி. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டவர்களைத் தேடிப் பிடிக்கும் ஆசை சங்கத் தலைவருக்கு எப்போதும் இருக்கும். படித்த ஆண்டு, பெயர், இப்போதைய ஊர் என்று மூன்றே கட்டங்கள். பார்த்தால் ஒரு வார வேலை. ஒரு பருவத்துப் பாடம் அதற்குள் இருக்கிறது.

முதல் அடி சேமிப்பிலேயே விழும். தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம் பழைய லத்தீன் முறையில் இருந்தால் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும். யூ.டி.எஃப்-8 முறைக்கு மாற்றினால் சரியாகும், ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியானவை திரும்பி வராது, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். அடுத்தது நீளம். ‘அம்மா’ என்பது தமிழ் தெரிந்தவருக்கு மூன்று எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். அகரம், மகரம், புள்ளி, மறுபடி மகரம், துணைக்கால் என்று அது தனித்தனியாக எண்ணுகிறது. யூ.டி.எஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். முதலாண்டில் எல்லாரும் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு: சொல்லைத் தலைகீழாகத் திருப்புவது. அதே நிரலில் ‘அம்மா’வைக் கொடுத்தால் துணைக்கால் ஒட்ட இடமில்லாமல் முதலில் வந்து புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்து முழு மதிப்பெண் வாங்கிய நிரல் அது.

வரிசைப்படுத்தும் முறைகளைத் தரவுக் கட்டமைப்புப் பாடம் விரிவாகவே கற்பிக்கிறது. எந்த முறை எவ்வளவு வேகம் என்று தேர்வில் கேள்வி வரும். எது முன்னால், எது பின்னால் என்பதை மட்டும் பாடம் கேட்பதில்லை, எண்ணின் அளவுதான் வரிசை என்று வைத்துக்கொள்கிறது. பெயர்ப் பட்டியலை யூனிகோட் எண்படி வரிசைப்படுத்தினால் கனகா முன்னாலும் கமலா பின்னாலும் வருவார்கள், ஏனென்றால் அந்த அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்து. சகுந்தலா முந்திக்கொண்டு சக்தி பின்தங்குவார், ஏனென்றால் புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் வருகிறது. ஜெயா தங்கத்துக்கு முன்னால் நிற்பார். அகராதியைப் புரட்டிப் பழகிய பழைய ஆசிரியர் ஒருவர் பட்டியலைப் பார்த்ததும், “என்னப்பா இது, வரிசை தாறுமாறா இருக்கு” என்பார். தீர்வு கடினமில்லை. ஜாவாஸ்கிரிப்டின் கொலேட்டருக்குத் தமிழ் என்று சொல்லிவிட்டால் நெடுங்கணக்கு வரிசை வந்துவிடும். இப்படி ஒன்று தேவைப்படும் என்று தெரிய அந்த ஆசிரியர் வேண்டியிருக்கிறது.

தேடுபெட்டியில் இன்னொரு சிக்கல். ‘கோபால்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டச்சலாம், இரட்டைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் தட்டச்சலாம். திரையில் இரண்டும் அச்சு மாறாமல் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு. ஒருவர் ஒரு விசைப்பலகையில் உள்ளிட்ட கோபாலை இன்னொருவர் வேறு கைப்பேசியில் தேடினால் ‘பதிவு இல்லை’ என்று வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் சீர்மை வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இது தீரும். ‘கௌரி’யை ஒற்றைக் கொம்பும் ளகரமுமாகச் சேர்த்துக் ‘கெளரி’ என்று தட்டச்சுவோரின் பழக்கத்தை அந்தச் சீர்மை தீர்க்காது, அது எழுத்தே வேறு. அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு சிறு விதிப்பட்டியல் மெல்ல மெல்லச் சேர்ந்துவிடும்.

மலை கற்றுக்கொடுப்பது வேறொன்று: எடை. பல்கலைக்கழக வளாகத்தின் வேகமான இணைப்பில் கணத்தில் திறக்கும் பக்கம், குன்று மறைக்கும் இடத்தில் ஒரு கோட்டு அலைவரிசையில் திறக்க நேரமாகும். பள்ளி ஆண்டுவிழாப் படம் ஒன்றைக் கைப்பேசி எடுத்தபடியே ஏற்றினால் நான்கு மெகாபைட். நொடிக்கு ஒரு மெகாபிட் வரும் இடத்தில் அந்த ஒரு படத்துக்கே 32 நொடி. “தம்பி, என் போன்ல பக்கம் தெறக்கவே மாட்டேங்குதுப்பா, சுத்திக்கிட்டே இருக்கு” என்று தலைவர் அழைப்பார். “ஐயா, கொஞ்சம் பொறுங்க, படத்தச் சின்னதாக்கிடுறேன்” என்று சொல்லி 200 கிலோபைட்டுக்குக் குறைத்தால் இரண்டு நொடிக்குள் வந்துவிடும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, வீட்டுக்கு வந்த மாணவர்கள் இதே மலையிலிருந்து விரிவுரை கேட்க வேண்டி வந்தபோது எடையின் பொருள் எல்லாருக்கும் புரிந்தது. அந்த ஆண்டு சபாவின் பித்தாஸில் ஒரு மாணவி இணையத்தேர்வு எழுத மரத்தின் மேல் ஏறி இரவைக் கழித்தது நாடு முழுக்கச் செய்தியானது. காணொளியை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்டுப் படித்தவர்கள் பின்னால் எழுதும் பக்கங்கள் பெரும்பாலும் இலேசாகவே இருக்கும்.

தளத்தை எங்கே வைப்பது என்பதில் மாணவர்களுக்கு இன்று வசதி அதிகம். கிட்ஹப் பேஜஸ் நிலையான பக்கங்களை இலவசமாகவே வைத்துக்கொள்ளும், ஒரு தளத்துக்கு ஒரு கிகாபைட் வரை. தரவுத்தளம் வேண்டாத பெயர்ப் பட்டியலுக்கு அது தாராளம். 2014-இல் வந்த கிட்ஹப் மாணவர் தொகுப்பின் மூலம் முகவரிப் பெயரும் ஓராண்டுக்கு இலவசமாகக் கிடைத்துவருகிறது. இரண்டாம் ஆண்டுக்குப் பணம் கட்டச் சொல்லி மின்னஞ்சல் வரும்போதுதான் பலரின் தளம் மறைகிறது. பல்கலைக்கழகச் சேவையகத்தில் வைத்தவர்களுக்கு இன்னும் மோசம். பட்டமளிப்புக்குப் பிறகு மாணவர் கணக்கு மூடப்படும், அதோடு தளமும் போய்விடும். வேர்ட்பிரஸ்ஸில் அழகாகச் செய்துவிட்டு இரண்டாண்டு புதுப்பிக்காமல் விட்டால் ஒருநாள் காலையில் பள்ளிப் பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கழுவி எடுப்பதைவிடப் புதிதாக எழுதுவது எளிது.

தனிமனிதர் விவரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. சங்கத்தின் பெயர்ப் பட்டியல் நேரடியாக அதற்குள் வராது என்று வாதிடலாம். வாதம் இருக்கட்டும். தொலைபேசி எண்ணையும் அடையாள அட்டை எண்ணையும் பொதுப்பக்கத்தில் போடச் சொல்லும் நிர்வாகக் குழுவிடம் முடியாது என்று மரியாதையாகச் சொல்வது செய்கிறவரின் கடமை. பெயரையும் ஆண்டையும்கூடச் சம்பந்தப்பட்டவர் சரி என்ற பிறகே போடுவது முறை.

பாடத்திட்டமும் சொந்த வேலையும் ஒன்றுகூடக்கூடிய இடம் இறுதியாண்டுத் திட்டம். மலாயில் பி.எஸ்.எம். என்று அழைக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. வழக்கமாக இரண்டு பருவம். தலைப்புகளைப் பார்த்தால் ஆண்டுதோறும் தங்கும் விடுதி முன்பதிவு முறை, வருகைப் பதிவு முறை, கிளினிக் சந்திப்பு முறை என்றே திரும்பத் திரும்ப வரும். விடுதி நடத்துகிற யாரையும் பார்க்காமலே முன்பதிவு முறை எழுதி, கடைசி அத்தியாயத்தில் வகுப்புத் தோழர்கள் முப்பது பேர் ‘மிகவும் திருப்தி’ என்று டிக் செய்த கேள்வித்தாளை ஆதாரமாக வைத்து ஏ வாங்கிய அறிக்கைகள் நூலகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஓராண்டு உலகத்தில் ஓடிய பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை. யார் என்ன தேடினார்கள், எங்கே தடுக்கிற்று, எதை மாற்றியது என்று அவரிடம் எழுத விஷயம் இருக்கும். ஆனால் மேற்பார்வையாளரிடம் முதல் பருவத்திலேயே சொல்லி, புதிதாக எந்தப் பகுதியைச் செய்யப்போகிறோம் என்று வரையறுத்துக்கொள்ள வேண்டும். முன்பே செய்த வேலைக்கு மறுபடி மதிப்பெண் கேட்பது விதிமீறலாகக் கருதப்படும். தமிழ்ப் பெயர்த் தேடலில் எழுத்து வேறுபாடுகளைச் சமாளிப்பது என்று தலைப்பைச் சுருக்கினால் திட்டம் உருப்படியாகும், மதிப்பிட வருகிறவருக்கும் புதிதாக இருக்கும்.

தொழிற்பயிற்சிக்கான நேர்காணலில் பாய்ண்டரும் பக்கமும் வெவ்வேறு கட்டத்தில் வேலை செய்கின்றன. விண்ணப்பக் குவியலில் ஒருவரை உள்ளே அழைக்கலாமா என்பதற்குப் பெரும்பாலும் பாய்ண்டர். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு பாய்ண்டரைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. நீங்கள் செய்ததில் எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பார்கள். மூன்றாம் மொழியில் தடுமாறிப் பேசுகிறவருக்கும் சக்தியும் சகுந்தலாவும் இடம் மாறிய கதையைச் சொல்லும்போது சொற்கள் தாமாக வரும், சொந்தமாகப் பிடித்த பிழை என்பதால்.

கடைசி வேலை கைமாற்றிக் கொடுப்பது. பட்டம் வாங்கிக் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குச் சேர்ந்தபின் மலைக்கு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்றாகிவிடும். அதற்கு முன்பே முகவரிப் பெயரைத் தன் மாணவர் மின்னஞ்சலிலிருந்து சங்கத்தின் மின்னஞ்சலுக்கு மாற்ற வேண்டும். பெயர்களையெல்லாம் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணைக் கோப்பாக இறக்கி, செயலாளரிடம் ஒரு பிரதியும் பள்ளி அலுவலகத்தில் ஒரு பிரதியும் கொடுக்க வேண்டும். புதுப் பெயரை எப்படிச் சேர்ப்பது, படத்தை எப்படிச் சுருக்குவது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, அதை வைத்துக்கொண்டு பள்ளி ஆசிரியர் ஒருவரால் தானாகவே ஒரு பெயரைச் சேர்க்க முடிகிறதா என்று பக்கத்தில் நின்று பேசாமல் பார்க்க வேண்டும். அவர் தடுமாறும் இடத்தில் வழிமுறைத் தாளைத் திருத்த வேண்டும். முகவரிக்கான ஆண்டுக் கட்டணமும் அது கட்ட வேண்டிய தேதியும் பொருளாளரின் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டால் மாணவரின் பங்கு முடிந்தது.